படியமைந்த வாசகம்

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை நம் நாட்டின் இணைப்பு மொழியாக்கியது. ஆயினும் கிராமத்து மாணாக்கர் பலர் ஆங்கில வாசகப் புத்தகத்தின் முதற் பந்தியிலேயே தளர்ந்துவிடுகின்றனர். குறை அவர்தம் அறிவிலன்று. நூலிற் படிகள் இல்லை என்பதே என் துணிபு.

1920களில் வங்காளத்து டாக்காவிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் இதனை நன்குணர்ந்தார். அருஞ்சொற்களை நீக்கி வழக்கிற் பயிலுஞ் சொற்களைப் பெய்தார். புதுச்சொற்களைச் சிறிது சிறிதாகப் புகுத்தி, மீண்டும் மீண்டும் வரச் செய்தார். எச்சொற்களை முதலிற் கற்பித்தல் தகும் என்பதற்கு 1953இல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் உள.

இந்நெறி நமக்குப் புதிதன்று. செய்யுள் எட்டாதார்க்காக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் வெளியிட்டார். படிமுறையிற் பாலபாடங்களும் இயற்றினார். சொல்லை எளிதாக்கினாரேயன்றிப் பொருளைச் சிறிதாக்கினாரல்லர்.

வரிக்கு வரி தமிழ்ப்பொருள் அச்சிட்ட துணைநூல்களை மாணாக்கர் கையிற் காண்கிறேன். அவர்கள் தமிழை வாசித்து ஆங்கிலத்தைக் கடந்துவிடுகின்றனர். பதினைந்து வயதினர்க்குக் குழந்தைக் கதை அளித்தலும் பொருந்தாது. வயதிற்கேற்ற பொருளை அவர் அறிந்த சொற்களால் எழுதித் தருதல் வேண்டும். ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் கூடி இதனைச் செய்வாராக.