வெற்றுக் கோதும் விழிப்புள்ள கையும்

பொழுதுபோக்கு என்றவுடன் நம்மவர் மனக்கண் முன் வருவன முத்திரை சேர்த்தலும், பூந்தோட்டம் வளர்த்தலும், சதுரங்கம் ஆடுதலுமே. இவற்றில் தவறு நேர்ந்தாற் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. முத்திரை கிழியலாம், ரோசாச் செடி பட்டுப்போகலாம், அரசன் சிறைப்படலாம். ஆனால், தவறுக்கு விலையாகக் கண்ணையும் விரலையும் கேட்கும் பொழுதுபோக்கும் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பலர் தத்தம் வீட்டு மேசையில் அமர்ந்து, கைத்துப்பாக்கியிற் சுட்டுக் கழிந்த தோட்டாக்களின் கோதுகளைத் துடைத்தெடுத்து, அவற்றுள் மீண்டும் மருந்தும் ரவையும் இட்டுப் புதுத் தோட்டாக்கள் ஆக்குகின்றனர். இவ்வாரம் அதனைப் பற்றியே பேச எண்ணுகிறோம்.

குடும்பங்கள் கூடியிருந்து படிக்கும் பகுதியிலே துப்பாக்கிக் கதை எதற்கு என வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. இரசாயனம் கற்கும் மாணவர் சிலர் இதனைப் பற்றி எம்மிடம் கேட்டனர். “வெடிமருந்தை வீட்டில் வைத்து விளையாடுவது பித்தரின் செயல் அன்றோ?” என்றார் ஒருவர். “அத்துணை ஆபத்தாயின் அவர்கள் எவ்வாறு பிழைத்திருக்கின்றனர்?” என்றார் மற்றொருவர். இரண்டாவது வினா எமக்கு மிகவும் பிடித்தது. அதற்கு விடை தேடுவதே இக்கட்டுரை.

தோட்டா ஒன்றுக்கு உறுப்புகள் நான்கு. முதலாவது பித்தளைக் கோது. இது நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த உலோகத்தால் ஆனது. இரண்டாவது, கோதின் அடியிற் பொருந்தியிருக்கும் சிறிய கேப்பு. சிறுவர் தம் விளையாட்டுத் துப்பாக்கியில் வைத்து வெடிக்கும் கேப்புக்கு இதனைத் தமையன் எனலாம். அடிபட்டவுடன் தீப்பொறி கக்குவது இதன் தொழில். மூன்றாவது மருந்து. நான்காவது, வாயிற் செருகிய ரவை. சுட்டபின் ரவை பறந்துவிடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, கேப்பு பயனற்றுப்போகிறது. எஞ்சுவது கோது ஒன்றே. நான்கனுள்ளும் பொதுவாக விலை கூடியது அதுவே. தேங்காயைத் துருவிய பின் சிரட்டையை வீச மனமின்றி அகப்பை செய்தவர் நம் முன்னோர். வெற்றுக் கோதை வீச மனமில்லாத அமெரிக்கனின் எண்ணமும் அதுவே.

ஆதியிலே தோட்டா என்பதே இல்லை. மருந்தைக் குழல்வாயாற் கொட்டி, ரவையை இட்டு, கோலால் இடித்து இறுக்கினர். வன்னி வேட்டைக்காரரின் ‘இடியன்’ துவக்கு அம்முறையைச் சேர்ந்தது. பின்பு மருந்தையும் ரவையையும் ஒருசேரக் காகிதத்திற் சுற்றினர். அக்காகிதத்தைப் பல்லாற் கடித்துத் திறக்கவேண்டியிருந்தது. அதிற் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்று பரவிய பேச்சு, 1857ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் மீரத் நகரில் மூண்ட சிப்பாய்களின் எழுச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. ஒரு தோட்டாவின் உறை ஒரு பேரரசை உலுக்கியமை சரித்திர மாணவர் அறிந்ததே.

கேப்பின் கதை இன்னும் சுவையானது. ஸ்கொத்லாந்திலே பெல்ஹெல்வி என்னும் ஊரின் பாதிரியாராய் இருந்தவர் அலெக்சாந்தர் போர்சைத். அவர் வேட்டைப் பிரியர். சிக்கிமுக்கிக் கல்லின் பொறியைக் கண்டு பறவைகள் முன்னரே பறந்துவிடுதலால் மனம் சலித்த அவர், அடிபட்டு வெடிக்கும் இரசாயனப் பொருளால் மருந்தைப் பற்றவைக்கும் முறையைக் கண்டு, 1807இல் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1866இல் இருவர் இருவேறு கேப்புகளை அமைத்தனர். ஒருவர் ஆங்கிலேயரான எட்வேட் பொக்சர். மற்றவர் அமெரிக்கரான ஹைரம் பேர்டன். பொக்சரின் முறையிற் கோதின் அடியில் நடுவே ஒரே துளை. மெல்லிய ஊசியொன்றைச் செலுத்திப் பழைய கேப்பை எளிதில் தள்ளிவிடலாம். பேர்டனின் முறையிற் பக்கங்களிற் சிறு துளைகள், தள்ளுதல் கடினம். விந்தை யாதெனில், ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கர் கைக்கொண்டனர். அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிற் பரவியது. அமெரிக்காவிலே இப்பொழுதுபோக்கு வளர்ந்தமைக்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணமாகும்.

1884ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருமுறை குறிக்கத்தக்கது. அவ்வாண்டிலே பிரெஞ்சு இரசாயனர் போல் வியேய் புகையில்லா மருந்தை ஆக்கினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜோன் பார்லோ என்பவர் ‘ஐடியல்’ என்னும் பெயரில், குறடு போன்ற கைக்கருவியைச் செய்து விற்கத் தொடங்கினார். கோதை மீள நிரப்பும் வேலைகள் பலவற்றை அக்கருவி ஒன்றே செய்தது. 1925இல் அந்நிறுவனம் லைமன் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இக்கலை வேகமாய் வளர்ந்தது. கலிபோர்னியாவின் ஒரோவில் என்னும் ஊரிலே பிரெட் ஹண்டிங்டன் 1943இல் அச்சுகள் செய்யத் தொடங்கினார். போர் முடிந்ததும் அரசாங்கத்திடம் மிஞ்சிக் கிடந்த மருந்தை புரூஸ் ஹொட்ஜன் வாங்கி விற்றார். 1949இல் நெப்ராஸ்காவிலே ஜோய்ஸ் ஹோர்னடி ரவை செய்யும் தொழிலைத் தொடங்கினார். போருக்கென ஆக்கிய பொருள் இவ்வாறு பொழுதுபோக்கின் பொருளாயிற்று.

இனி மேசையருகே செல்வோம். கோதுகளை முதலில் உருளும் பீப்பாயில் இட்டு, அரைத்த சோளப்பொத்திச் சக்கையோடு சுழற்றித் துலக்குகின்றனர். பின் ஒவ்வொன்றையும் வெளிச்சத்திற் பிடித்து வெடிப்பு உண்டோ எனப் பார்க்கின்றனர். சுட்டபோது விரிந்த கோதை எஃகு அச்சினுள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்கின்றனர். பழைய கேப்பு நீங்குகிறது, புதியது பொருந்துகிறது. அடுத்து மருந்து நிறுக்கும் கட்டம். அதன் எடையைக் குறிக்கும் அலகு ‘கிரெயின்’. தானியமணி என்பது அச்சொல்லின் பொருள். ஓர் இறாத்தலில் 7,000 கிரெயின்கள் உள. நம் பொற்கொல்லர் பொன் நிறுத்த குன்றிமணியொன்று ஏறக்குறைய இரண்டு கிரெயின் எனலாம். ஆகவே, கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றின் மருந்து சில குன்றிமணிகளின் எடையே. தட்டார் பட்டறையின் தராசு நுட்பம் இங்கே வேண்டப்படுகிறது. ஈற்றில் ரவையைச் செருகி, முழு நீளத்தை அளந்து பெட்டியில் அடுக்குகின்றனர்.

ஆபத்து எங்கே உளது? அமுக்கத்திலே உளது. ஒன்பது மில்லிமீற்றர் லூகர் தோட்டாவினுள் எழும் அமுக்கத்துக்கு அமெரிக்க உற்பத்தியாளர் வகுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல். மோட்டார் வண்டிச் சக்கரத்திலே நாம் அடைக்கும் காற்று முப்பது இறாத்தல் அளவே. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அவ்வமுக்கத்தைச் சுடுபவன் தன் உள்ளங்கையிற் பிடித்திருக்கிறான்.

தவறுகளுட் கொடியவை இரண்டு. ஒன்று, ஒரே கோதில் இருமுறை மருந்து விழுதல். ‘முப்பத்தெட்டு ஸ்பெஷல்’ என்னும் பழைய தோட்டா, கருமருந்துக் காலத்தின் முடிவிலே தோன்றியது. கருமருந்துக்கு அகன்ற இடம் வேண்டும். புகையில்லா மருந்தோ சிறிதளவே போதும். எனவே கோதின் பெரும்பகுதி வெறுமையாய் இருக்கிறது. இரட்டை மருந்து வீழ்ந்தாலும் வழிந்து காட்டிக்கொடாது. மற்றைய தவறு, மருந்தே விழாது போதல். இதில் ஆபத்தில்லை எனத் தோன்றும், அது பிழை. கேப்பின் வலிமை ரவையைக் குழலின் நடுவரை தள்ளி அங்கே சிக்கவைத்துவிடும். ஓசை குன்றியதைக் கவனியாது அடுத்ததைச் சுட்டால், அடைபட்ட குழல் பிளக்கலாம். மிகுதியும் கேடு, இன்மையும் கேடு. உப்பிட்ட கறிக்கும் இவ்விதி பொருந்தும். ஆயின் கறியைக் கொட்டிவிடலாம்.

நச்சும் உண்டு. ரவையிலும் கேப்பிலும் ஈயம் கலந்துள்ளது. ஈயத் தூசு மூச்சு வழியும் கை வழியும் உடலிற் புகும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆகையால், அறிவுடையோர் இவ்வேலையைக் குசினியிற் செய்யார். முடித்தபின் கையை நன்கு கழுவாமல் உண்ணார். குழந்தைகளை அருகே விடார்.

இவற்றையெல்லாம் அறிந்தும் அவர்கள் பிழைத்திருப்பது எவ்வாறு? வீரத்தாலன்று, ஒழுங்கினால். வேலை செய்கையிலே தொலைக்காட்சி பாரார். பேச்சுக்கொடுப்பாரை வெளியே அனுப்புவர். மேசைமேல் ஒருபோதும் இருவகை மருந்தை வையார். மருந்திட்ட கோதுகளைத் துளையிட்ட பலகையில் நிரையாய் நிறுத்தி, ரவை செருகுமுன் விளக்கொளியில் ஒவ்வொன்றினுள்ளும் எட்டிப் பார்ப்பர். நடுவே எழுந்து செல்ல நேர்ந்தால், எங்கே விட்டோம் என ஐயுற்றவற்றைக் கொட்டிவிட்டு மீளத் தொடங்குவர். மருந்தின் அளவைத் தாமாகப் புனையார். சோதனைச்சாலையில் அளந்து வெளியிட்ட நூல்களின்படியே நடப்பர். இறுதியாக ஒரு விதி: பிறர் நிரப்பிய தோட்டாவையும், வரலாறு அறியாத மருந்தையும் தொடார்.

இவ்வளவு தொல்லை எதற்கு? பணம் மிச்சம் என்பர் சிலர். சேமித்த பணத்துக்கும் சேர்த்து இருமடங்கு சுடுகிறோம் என்று அவர்களே நகைப்பதும் உண்டு. 2013இலும், மீண்டும் 2020இலும், கடைகளிலே தோட்டா கிடையாத தட்டுப்பாடு வந்தபோது, பலர் இதனை நாடினர். தாமே இணக்கிய தோட்டா இலக்கிற் சரியாய்ப் படுவதே பேரின்பம் என்பார் வேறு சிலர். தம் தேவைக்கு நிரப்ப அந்நாட்டின் மத்திய சட்டம் உரிமம் கேட்பதில்லை. விற்பனைக்கு நிரப்பவே கேட்கிறது. நம் நாட்டுச் சட்டம் அவ்வாறன்று. இங்கே உரிமமின்றித் துப்பாக்கியோ வெடிமருந்தோ வைத்திருத்தல் குற்றமாகும். அது நன்றே என்பது எம் கருத்து. செய்நேர்த்தி ஒரு தொழிலைத் திறமையுடையது ஆக்கும், அறமுடையது ஆக்காது. திருத்தமாய் நிரப்பிய தோட்டா, நல்லவன் கையிலும் தீயவன் கையிலும் ஒரே நேர்கோட்டில்தான் பறக்கும்.

ஆயினும், அவ்விதிகளுட் கடைசியானதை நம் இல்லங்கள் அனைத்தும் கடன்வாங்கவேண்டும் என்பதே எம் வேண்டுகோள். 2009இற் போர் ஓய்ந்தது. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் மண்ணுள் அதன் எச்சங்கள் முற்றாய் ஓய்ந்தில. தோட்டம் கொத்துகையிலும், கிணறு இறைத்துத் தூர்வாருகையிலும், பற்றை வெட்டுகையிலும் பித்தளைப் பளபளப்பு ஒன்று தென்படலாம். வெற்றுக் கோது எனச் சிறுவன் எடுப்பது வெறுமையற்றதாய் இருக்கலாம். இரும்பு விலைக்குப் போடலாம் எனத் தட்டிப் பார்ப்பது இறுதித் தட்டலாய் முடியலாம். தராசும் அச்சும் நூலும் கொண்டு, ஆண்டுக்கணக்காய்ப் பழகியவனே வரலாறு அறியாத தோட்டாவைத் தொட அஞ்சுகிறான். வெறுங்கையோடு நிற்கும் நம் பிள்ளை அதனைத் தொடலாமா?

பெற்றோரே, இதனைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையன்று, பலமுறை சொல்லுங்கள். மாணவர்களே, கண்டால் தொடாதீர்கள், எறியாதீர்கள், சுடாதீர்கள். அவ்விடத்தை நினைவிற்கொண்டு, வந்த வழியே திரும்பி, பெரியோரிடமும் பொலிசாரிடமும் அறிவியுங்கள். அஞ்சவேண்டியதற்கு அஞ்சுதல் கோழைத்தனமன்று; அதுவே அறிவு.