இளவரசர் ஓடின காரும் எங்கட ஏ40-உம்

கொழும்பில் 1864ல் தொடங்கிய கோல்ஃபேஸ் ஹோட்டலில் ஒரு பழைய கார் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன். 1940ல், இங்கிலாந்துக் கடற்படையில் பயிற்சி அதிகாரியாக இலங்கைப் பக்கம் வந்த ஓர் இளைஞன் இதை 12 பவுணுக்கு வாங்கினான். அவன் சொந்தமாக வாங்கின முதல் கார் இதுதான். ஏழு வருடம் கழித்து அவன் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தைக் கலியாணம் கட்டினான். பிறகு உலகம் அவனை இளவரசர் ஃபிலிப் என்று அழைத்தது. 2021 ஏப்ரல் 9ல் அவர் இறந்தபோது இந்தக் காரின் படம் பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது.

காரைப் பார்க்கப் போகிறவர்கள் ஏதோ ரோல்ஸ் ராய்ஸைப் பார்ப்பது மாதிரி நின்று படம் எடுக்கிறார்கள். உண்மையில் ஸ்டாண்டர்ட் நைன் ஆடம்பரக் காரே இல்லை. கொவென்ட்ரியில் 1903ல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் கம்பனி நடுத்தரக் குடும்பங்களுக்காகச் செய்த சின்னக் கார் அது. எஞ்சின் ஆயிரம் சிசியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் குதிரைவலுக் கணக்குப் பார்த்துத்தான் கார் வரி போட்டார்கள். பெயரில் உள்ள 'நைன்' அந்த வரிக் கணக்கின் ஒன்பது. இதே கம்பனியின் எஞ்சினை வாங்கி, மேலே அழகான உடல் கட்டி விற்ற வில்லியம் லயன்ஸின் கம்பனிதான் பின்னாளில் ஜாகுவார் ஆனது. 1948ல் மெட்ராஸில் தொடங்கி, பிறகு ஹெரால்டு கார் செய்த ஸ்டாண்டர்ட் கம்பனிக்கும் தாய்வீடு இந்தக் கொவென்ட்ரிதான்.

அப்ப இந்தக் காருக்கு விலை எங்கிருந்து வந்தது? பூர்வீகத்திலிருந்து. யார் வாங்கினார், எந்த வருடம், என்ன விலைக்கு, பிறகு யார் கைக்குப் போனது என்ற தொடர் கதைதான் ஒரு பழைய காரின் பூர்வீகம். எங்கட பாஷையில் சொன்னால், காணிக்கு உறுதி மாதிரி. காணி உங்கட கண்ணுக்கு முன்னால் கிடக்கலாம், நீங்கள் அதில் நாற்பது வருடம் இருந்திருக்கலாம். உறுதி இல்லாவிட்டால் கந்தோரில் அது உங்கட காணி இல்லை.

பழைய கார் உலகம் இந்த உறுதியில்தான் ஓடுகிறது. ரோல்ஸ் ராய்ஸ் கம்பனி அந்தக் காலத்தில் சட்டகமும் எஞ்சினும் மட்டும்தான் செய்து கொடுத்தது. உடலை வேறு பட்டறைகள் கட்டின. ஆனால் சட்டகத்துக்கு ஒரு அட்டை போட்டு, எந்த இலக்கம், யாருக்குப் போனது என்று கம்பனி எழுதி வைத்தது. அந்த அட்டைகள் இன்றும் இங்கிலாந்தில் இருக்கின்றன. ஏல விற்பனையில் விலையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த மாதிரிக் காகிதங்கள்தான்.

காகிதம் இல்லாத கதைக்கும் ஓர் உதாரணம் எல்லோருக்கும் தெரியும். லண்டன் கடையில் அவமானப்பட்ட அல்வார் மகாராஜா ரோல்ஸ் ராய்ஸ்களை வாங்கிக் கொண்டுவந்து குப்பை அள்ள விட்டார் என்ற கதை வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு தரம் வரும். ஒரு தரம் அல்வார் ராஜா, இன்னொரு தரம் வேறொரு ராஜா. ஆளும் ஊரும் மாறும், கதை மாறாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இப்படிப் பெயர் மாறி மாறி வருவதே அது நம்பக்கூடிய வரலாறு இல்லை என்பதற்கு அடையாளம்.

இப்ப திரும்பக் கொழும்புக் காருக்கு வாருங்கள். 1940ல் அது பழைய கார், ஐந்து வயது. அதற்கு முன்னால் அதை வைத்திருந்தவர் யார்? அதற்கு எண்ணெய் மாற்றின மெக்கானிக் யார்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. சில மாதம் வைத்திருந்த ஒருவரின் பெயர் மிச்சம் எல்லோரையும் மூடிவிட்டது. பூர்வீகம் என்பது நடந்தது எல்லாம் இல்லை. யாருடைய பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று ஆரோ எடுத்த முடிவு.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது இன்னும் உறைக்கும். ஃபிலிப் சேர்ந்திருந்த கடற்படையின் பெரிய தளங்களில் ஒன்று எங்கட துறைமுகம். 1957 வரை அது அவர்கள் கையில். சீனக்குடாவில் அவர்கள் கட்டின எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் 99 நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் பிடிக்கும். 1942 ஏப்ரல் 9ல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதற்கும் பதிவு இருக்கிறது. கப்பல்களுக்கும் அதிகாரிகளுக்கும் எண்ணெய்த் தாங்கிகளுக்கும் பூர்வீகம் இருக்கிறது. அந்தத் தளத்தில் வேலை செய்த எங்கட ஆட்களின் பெயர்களைக் கேட்டால் ஊரில் பத்துப் பேரைச் சொல்வதே கஷ்டம்.

இந்தத் தாங்கிகள் பெரும்பாலும் சும்மா கிடந்த காலத்தில், வடக்கே யாழ்ப்பாணத்தில் சனம் போத்தலில் பெட்ரோல் வாங்கியது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை. அப்பத்தான் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் தங்கட இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்கின. பழைய, அழுத்தம் குறைந்த எஞ்சின் என்றபடியால் அவை மண்ணெண்ணெயிலும் ஓடும். கொஞ்சம் பெட்ரோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புகை அள்ளிக்கொண்டு வரும். அந்தப் புகையோடுதான் நோயாளியும் கர்ப்பிணியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், மாப்பிள்ளை கலியாண வீட்டுக்குப் போனார். 1995 ஒக்டோபர் 30 இடம்பெயர்விலும் இந்தக் கார்கள் இருந்தன.

ஒரு காருக்கு இதைவிடப் பெரிய பூர்வீகம் என்ன வேணும்? இளவரசரை ஏற்றினதைவிட, தடைக்குள் ஒரு பிள்ளைத்தாச்சியை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது எனக்குப் பெரிசு. ஆனால் எந்தக் கார், யாருடையது, எந்த வருடம் என்று காட்ட எத்தனை பேரிடம் காகிதம் இருக்கிறது? வீட்டையே விட்டு ஓடினவர்கள் பதிவுப் புத்தகத்தையா தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்?

காகிதம் போனாலும் இலக்கத் தகடு கொஞ்சம் கதை சொல்லும். பழைய கார்களில் ஆங்கில எழுத்து இருக்கும். 1957ல் வந்த புது இலக்கங்களில் சிங்கள 'ஸ்ரீ'. அந்த ஒரு எழுத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்தியது. தமிழ் 'ஸ்ரீ' எழுதிய வாகனங்கள் ஓடின, பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 கலவரத்துக்கு முந்தின மாதங்கள் அவை. ஆக, இந்த நாட்டில் ஒரு பழைய காரைத் திருத்தி, தகட்டைக் கழற்றிப் புதிதாகப் பளபளவென்று மாட்டுகிறவர், தெரியாமலே ஒரு வரலாற்றுப் பக்கத்தைக் கிழிக்கிறார்.

"காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கே பதில் இல்லை, நீ கார் கதை பேசுறியா?" என்று ஆரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2006ல் இடம்பெயர்ந்த சம்பூர்ச் சனம் தங்கட காணிக்குத் திரும்ப ஏறக்குறைய பத்து வருடம் பிடித்தது. அப்படிப்பட்ட இடத்தில் காகிதத்தின் அருமை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எழுதி வைக்கிற பழக்கம் பெரிய விசயத்தில் மட்டும் தானாக வராது. காருக்கு, தையல் மெசினுக்கு, வள்ளத்துக்கு எழுதிப் பழகினவர்தான் காணிக்கும் ஆளுக்கும் சரியாக எழுதுவார்.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. பழைய கார் வாங்கித் திருத்தி விற்பது இப்ப நல்ல வியாபாரம். விற்கிறதில் பிழை இல்லை, வீட்டுச் செலவு இருக்கும். கதையைச் சொல்லாமல் விற்பதுதான் நட்டம். புதுப் பெயின்ட், புதுச் சீட், புது உரிமையாளர் என்று வந்த பிறகு, அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடினது என்று யாருக்குத் தெரியும்? ஓடினவர்களும் வயது போனவர்கள். அவர்கள் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. உங்கட வீட்டிலோ அயலிலோ பழைய கார் நின்றால், சட்டக இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் படம் எடுங்கள். பதிவுப் புத்தகம் இருந்தால் உரிமையாளர் மாறின பக்கங்களையும் சேர்த்து எடுங்கள். ஓடினவரிடம் போய் போனில் குரலைப் பதியுங்கள்: எப்ப வாங்கினது, ஆரிட்ட வாங்கினது, மண்ணெண்ணெய்க்கு மாற்றித் தந்த மெக்கானிக் ஆர், எந்த இடப்பெயர்வில் எங்கே விட்டுவிட்டு வந்தது. தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் பிரித்து எழுதுங்கள், இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு அல்வார் ராஜா கதை ஆகிவிடும். சம்மதம் வாங்கி, ஒரு பிரதியை நூலகம் மாதிரியான எண்ணிம ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். இன்னொரு பிரதி அந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

இளவரசரின் கார் கொழும்பிலேயே இருக்கட்டும், பத்திரமாக இருக்கட்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஹோட்டலே இருக்கிறது. எங்கட ஏ40-க்கு நாங்கள்தான் இருக்கிறோம்.