பட்டன் போனிலிருந்து டச் ஸ்கிரீனுக்கு

பட்டன் கீ போர்ட் உள்ள ஸ்மார்ட் போனை விட்டுவிட்டு, சென்ற ஆண்டு டச் ஸ்கிரீன் மட்டுமே உள்ள போனுக்கு மாறினேன். மனமில்லாமல்தான் மாறினேன். 2018ல் வெளியான பிளாக்பெரி கீ2 போனை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருந்தேன். என் வங்கியின் அப்ளிகேஷன் அதில் இயங்க மறுத்தபின் வேறு வழியில்லை.

முதல் இரண்டு வாரம் ஒரே எரிச்சல். பட்டன்களில் விரலே எழுத்தைத் தேடிக் கொள்ளும். பஸ்ஸில் நின்றபடி, திரையைப் பார்க்காமலேயே டைப் செய்வேன். கண்ணாடியில் அது நடக்காது. ஆங்கிலத்தில் இன்றும் என் வேகம் குறைவுதான்.

என் எண்ணத்தை மாற்றியது தமிழ். பட்டன்களில் அச்சிட்டிருந்தவை ஆங்கில எழுத்துகள். எனவே (சோம்பலும் ஒரு காரணம்) அப்பாவுக்குத் தமிழை ஆங்கில எழுத்துகளிலேயே அனுப்புவேன். அவர் படிக்கத் திணறி, "என்னப்பா அனுப்பியிருக்கே?" என்று போன் செய்து கேட்பார்.

பிளாஸ்டிக்கில் பதித்த பட்டன்கள் தேவைக்கேற்ப மாறாது என்பதுதான் 2007ல் ஐபோனை அறிமுகம் செய்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் வைத்த வாதம். தமிழை நினைத்து அவர் சொல்லவில்லை. ஆனால் நமக்கு நன்றாகவே பொருந்துகிறது. செல்லினம் போன்ற அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்து, தமிழ்99 கீ போர்டைத் தேர்ந்தெடுங்கள். கீகளில் தமிழ் எழுத்துகளே தெரியும். 'க' தட்டி 'இ' தட்டினால் 'கி' கிடைக்கும். உயிர் 12, மெய் வரிசை 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளில் 247ம் அடங்கிவிடும்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் பட்டன் கீ போர்ட்தான் வேண்டும் என்பேன். பக்கம் பக்கமாக டைப் செய்திட அதுவே வசதி.

அப்பா இப்போது போன் செய்வதில்லை, பதில் எழுதுகிறார். என் எழுத்துப் பிழைகளையும் திருத்தி அனுப்புகிறார்.