மின்னும் பூச்சும் மெல்லிய படலமும்



கடந்த வசந்த காலத்தில் பெற்றோர் ஒருவர் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். தம் மகன் தமிழ்ப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, சிறிய பிளாஸ்ரிக் கார் ஒன்றிற்கு வெள்ளி நிறப் பூச்சு அடிப்பதிலேயே சனிக்கிழமைகளைக் கழிக்கிறான் என்றும், நாம் அதனைக் கண்டித்து நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார். நாம் இசையவில்லை. அதன் காரணத்தை இம்மலர் வாயிலாக எல்லோர் முன்னும் வைக்கிறோம்.

முதலில் அக்கைவேலையை அறிவோம். மின்னும் பூச்சுக்குப் பளபளப்பைத் தருபவை நுண்ணிய அலுமினியச் செதில்கள். அவை ஒரே தளத்தில் படுத்திருந்தாற்றான் ஒளி சீராகத் திரும்பும். தூரிகையால் இழுத்தால் கோடு விழும். ஒரேயடியாக ஈரமாய்த் தெளித்தால் செதில்கள் மிதந்து திட்டுத்திட்டாய் ஒதுங்கும். ஆகவே மெல்லிய படலங்களாகப் பலமுறை தெளித்து, இடையிடையே காயவிட வேண்டும். 24இல் ஒரு பங்கு அளவில் அமைந்த மாதிரிக் காரில் இன்னொரு சிக்கல் உண்டு. மில்லிமீற்றரில் 50இல் ஒரு பங்கு அகலமுள்ள செதில், அக்காரின் அளவோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ அரை மில்லிமீற்றராய்த் தோன்றும். ஆதலால் மிக நுண்ணிய செதில் கொண்ட பூச்சே வேண்டும். அடியிலுள்ள கீறலை இப்பூச்சு மறைக்காது, எடுத்துக்காட்டும். எனவே உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சிட்டு, அதன் பின்னரே மின்னும் பூச்சுக்குச் செல்ல வேண்டும். இறுதியில் நிறமற்ற பூச்சொன்றை இட்டு, அதனையே மெருகேற்ற வேண்டும். காற்றோட்டமான இடமும், முகக்கவசமும், பெரியவர் துணையும் இன்றியமையாதன.

இது வீண் விளையாட்டா? ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1930 முதல் 1968 வரை பிஷர் பொடி கைவினைஞர் சங்கம் என்னும் அமைப்பை நடத்தியது. 1937இலிருந்து மாதிரிக் கார்களைத் தாமே வடிவமைத்து, செதுக்கி, பூச்சிட்டு அனுப்பிய இளைஞர்களுள் சிறந்தோருக்குப் பல்கலைக்கழகக் கல்விக்கான உதவித்தொகை கிடைத்தது. 1947இல் வென்ற சக் ஜோர்டன் பின்னாளில் அந்நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைத் துணைத்தலைவரானார்.

எனினும் நாம் இசையாமைக்கு இதனினும் நெருங்கிய காரணம் ஒன்றுண்டு. 2008இல் நாம் வன்னியில் ஆசிரியராயிருந்தோம். தகரப் பேணியில் கார் செய்து, அதன்மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை ஒட்டி மினுக்கிக் கொண்டுவந்தான் ஒரு மாணவன். பாடவேளையில் அதைப் பறித்து அலுமாரியில் பூட்டினோம். தவணை முடிவில் தருவதாகச் சொன்னோம். அதற்குள் இடப்பெயர்வு வந்தது. அலுமாரியும் போயிற்று, அவன் எங்கிருக்கிறான் என்பதும் நாம் அறியோம். ஒழுங்கைக் காத்ததாக அன்று எண்ணினோம். அவனுடைய கையில் இருந்த கல்வியை நாம் காணவில்லை.

ஆகவே பிளெய்ன்ஸ்பரோவில் அதே பிழையைச் செய்ய மனம் ஒப்பவில்லை. அச்சிறுவனை அக்காருடன் வகுப்பிற்கு வரச்சொன்னோம். பூச்சிடும் முறையைத் தமிழில் விளக்கும்படி கேட்டோம். முதலில் தடுமாறினான். “சேர், முதல்ல போடுற சாம்பல் கலருக்குத் தமிழில என்ன?” என்றான். ‘அடிப்பூச்சு’ என்றோம். அன்று கேட்ட சொற்களை அவன் இன்றுவரை மறக்கவில்லை; தனக்குத் தேவைப்பட்ட சொற்கள் அல்லவா!

வாரத்திற்கு இரண்டு மணி நேரமே உள்ளது, இதற்கெல்லாம் எங்கே நேரம் என்று சிலர் கேட்கக்கூடும். நேரம் குறைவு என்பது மெய்யே. அதனாலேயே தமிழ் வகுப்பறையோடு நின்றுவிடாமல், பிள்ளையின் கை ஈடுபடும் இடத்திற்கும் செல்ல வேண்டும். அடுத்த ஆண்டு விழாவில் பிள்ளைகளின் கைவேலைகளுக்கென ஒரு மேசை ஒதுக்குவோம். ஒவ்வொருவரும் தம் வேலையைப் பற்றி மூன்று நிமிடம் தமிழில் பேசட்டும். பெற்றோரே, வீட்டில் நீங்களும் அருகில் அமர்ந்து, என்ன செய்கிறாய் என்று தமிழிலேயே கேளுங்கள்.

மொழியும் மெல்லிய படலங்களாகவே படியும். ஒரே நாளில் ஊற்றினால் வழிந்துவிடும். பொறுமையுடன் இடுவோம், காயவிடுவோம், மீண்டும் இடுவோம்.