வேலியை எடுங்கள், மூன்றையும் படிக்கட்டும்

பெங்களூர் மர்பி டவுனில் பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு மூன்று வாசல்கள்: ஆர்ட்ஸ், காமர்ஸ், சயின்ஸ். பதினாறு வயதில் எந்த வாசலில் நுழைகிறார்களோ, பட்டப்படிப்பும் பெரும்பாலும் அத்துடன் முடிவாகிவிடுகிறது. பி.யூ.சி.யில் வரலாறும் அரசியல் அறிவியலும் எடுத்த பெண்ணுக்குப் பின்னால் இயற்பியலில் ஆசை வந்தால் வழியில்லை. பி.சி.எம்.பி. படித்துவிட்டு பி.எஸ்ஸி. சேரும் பையன் தத்துவமும் படிக்க நினைத்தால், விண்ணப்பத்தின் ‘காம்பினேஷன்’ பட்டியலில் அதைத் தேடிக் களைத்துப் போவான். தத்துவம், இயற்பியல், அரசியல் அறிவியல் மூன்றையும் ஒரே பட்டத்தில் படிக்க அரசுக் கல்லூரிகள் இடம் தர வேண்டும். அதற்குக் காலமும் இதுதான்.

கர்நாடகம் 2021-22இல் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்று நான்காண்டுப் பட்டத்தைக் கொண்டுவந்தது. சுக்தேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையத்தின் இடைக்கால அறிக்கைக்குப் பிறகு, 2024-25 முதல் மூன்றாண்டுப் பட்டத்துக்கே திரும்பியது. மூன்று முதன்மைப் பாடங்களைச் சேர்த்துப் படிப்பது பெங்களூருக்குப் பழகிய முறை. அது மீண்டும் வந்ததை வரவேற்கிறோம். ஆனால் அந்த மூன்றும் பெரும்பாலும் வேலிக்கு ஒரே பக்கத்துப் பாடங்களாகவே இருக்கின்றன. பாடத்திட்டத்தை மாற்றிய அரசு வேலியை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

இந்த வேலி ஒன்றும் இயற்கை போட்டதல்ல. சி.வி. ராமன் 1904இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்துப் பெற்ற பட்டம் பி.ஏ. தான். நிர்வாக வசதிக்காகப் பின்னால் வரைந்த கோட்டை, அறிவின் எல்லைக்கோடு என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம்.

ஏன் இந்த மூன்று பாடங்கள்? அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் கேள்வி கேட்டு ஆராயும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் சேர்த்த பிரிவு அது. அந்தக் கடமையைச் செய்ய அளக்கத் தெரிய வேண்டும். எது சான்று, எது சான்றல்ல என்று பிரிக்கத் தெரிய வேண்டும். யார் முடிவெடுக்கிறார்கள், யாரைக் கேட்டு எடுக்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும். மூன்று துறைகளின் வேலையை ஒரே வரியில் கேட்கும் சாசனத்தை வைத்துக்கொண்டு, மூன்றையும் சேர்த்துப் படிக்காதே என்று கல்லூரிகள் சொல்லலாமா?

அதே 1976இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் எச். நரசிம்மையா. கௌரிபிதனூர் வட்டத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். அமெரிக்காவில் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பசவனகுடி நேஷனல் கல்லூரியின் ஆசிரியர். அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் ஆராயப் பல்கலைக்கழகத்திலேயே குழு அமைத்து, சத்ய சாய்பாபாவைச் சோதனைக்கு அழைத்தார். அதில் அவருடைய இயற்பியல் எங்கே முடிகிறது, தத்துவம் எங்கே தொடங்குகிறது, அரசியல் துணிவு எங்கே வருகிறது என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது.

இயற்பியல் ஆய்வகத்தின் இருட்டறையைப் பாருங்கள். சோடியம் விளக்கு முதலில் இளஞ்சிவப்பாக எரிந்து, சில நிமிடம் கழித்தே மஞ்சளுக்கு வருகிறது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் எதிரெதிராக இரண்டு வெர்னியர்கள். மாணவி லென்ஸ் வைத்து இரண்டையும் படித்து எழுதுகிறாள். ஒன்று போதாதா என்றால் போதாது; கருவியின் வட்டம் மையம் தவறியிருந்தால் ஒரே பக்கத்து அளவு ஏமாற்றிவிடும். ஒரு சாட்சியை மட்டும் நம்பாதே என்பதை அவள் விரல்கள் கற்றுக்கொள்கின்றன. அதே பாடத்தை நீதிமன்றத்துக்கும் தேர்தல் கருத்துக்கணிப்புக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் நீட்டிப் பார்க்க, பக்கத்து வகுப்பறை அவளுக்குத் திறந்திருக்க வேண்டும்.

மர்பி டவுன் கண்டோன்மென்ட்டுக்கு உழைத்த தமிழ் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பாக வளர்ந்தது. இங்கே அம்பேத்கர் பெயரைத் தெரியாத பிள்ளை இருக்காது. அவர் பம்பாயில் 1912இல் பி.ஏ. முடித்தபோது படித்தவை பொருளியலும் அரசியல் அறிவியலும். கொலம்பியாவுக்குப் போனதும் பொருளியலோடு நிற்காமல் வரலாறு, சமூகவியல், மானுடவியல் என்று வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினார். தத்துவத்தை ஜான் டூயியிடம் கேட்டார். அவர் படத்துக்கு மாலை போடும் தெருக்களுக்கு அவர் படித்த முறையை மட்டும் மறுப்பது என்ன நியாயம்?

எதிர்வாதம் இரண்டு உண்டு. இரண்டும் அலட்சியப்படுத்தக் கூடியவை அல்ல. கணிதம் இல்லாமல் இயற்பியல் ஏது என்பது ஒன்று. உண்மைதான். ஆர்ட்ஸ் பிரிவிலிருந்து வரும் மாணவருக்கு முதல் செமஸ்டரில் இணைப்புக் கணிதம் கட்டாயமாக இருக்கட்டும், தேறினால் இயற்பியல். வாசலை மூடுவதைவிடப் படி கட்டிக் கொடுப்பது நேர்மை. இன்னொன்று, ஏழைப் பிள்ளைக்கு வேலைதானே முக்கியம் என்பது. பி.காம்., பி.சி.ஏ. முடித்த எத்தனை பேர் டெலிவரி பையோடு இதே நகரத்தில் அலைகிறார்கள் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் விருப்பப் பாடங்களில் இந்த மூன்றுமே இருக்கின்றன. வங்கித் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். லட்சங்களில் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் இப்படிக் கலந்து படிக்க விடுகின்றன. வசதியுள்ளவனுக்குப் பரந்த படிப்பு, இல்லாதவனுக்குப் பிழைப்புக்கான படிப்பு என்ற பிரிவினையைத்தான் இந்த வாதம் காப்பாற்றுகிறது.

அரசு செய்ய வேண்டியவை தெளிவு. எல்லாக் கல்லூரியிலும் தத்துவத் துறை தொடங்க முடியாது. அல்சூர், சிவாஜிநகர், ஃபிரேசர் டவுன் சுற்றுவட்டாரக் கல்லூரிகளை ஒரு தொகுப்பாக்கி, காலையில் ஓரிடத்தில் ஆய்வகம், மதியம் இன்னோரிடத்தில் தத்துவம் என்று கால அட்டவணை போடலாம். சக்தி திட்டத்தில் பெண்களுக்குப் பேருந்து இலவசம். பையன்களுக்கும் மாணவர் பாஸை இந்தத் தொகுப்புக்குள் இலவசமாக்குவது பெரிய செலவல்ல. சேருபவர் எண்ணிக்கை குறைவு என்று காரணம் காட்டி முதல் ஐந்தாண்டுகளுக்கு எந்தக் காம்பினேஷனையும் மூடக் கூடாது. கெஸ்ட் லெக்சரர்களின் தோளில் ஏற்றப்பட்ட துறைகளுக்கு நிரந்தர ஆசிரியர்கள் வேண்டும். ஆண்டுக்காண்டு வேலை நிலைக்குமா என்று தெரியாதவர் புதிய பாடத்தை வளர்த்தெடுக்க மாட்டார்.

தமிழர்களுக்கும் இதில் பங்குண்டு. ஏழைப் பிள்ளைகளுக்கென்று 1873இல் இதே கண்டோன்மென்ட்டில் பள்ளி தொடங்கியவர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் மாலை நேரத்தில் இணைப்புக் கணித வகுப்பு நடத்தினால், அந்த வழியில் வந்தவர்கள் நாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த கல்வியாண்டின் விண்ணப்பம் அச்சாகும் முன் உயர்கல்வித் துறை ஆணை பிறப்பிக்க வேண்டும். ஒரு தொகுப்பில், ஒரு காம்பினேஷனில் தொடங்கினாலும் போதும். தொடங்காமல் இருப்பதற்கு மட்டும் இனிக் காரணம் இல்லை.