பெயிண்ட் 38 வருஷம் தாங்குமாம்... நட்டு, போல்ட், ரோப்? பாம்பன் பாலத்தை அரிக்கும் உப்புக் காற்று

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு 'சால்ட் ஸ்ப்ரே' டெஸ்ட் புதுசு இல்லை. மூடிய பெட்டிக்குள் 35 டிகிரி சூட்டில், 5 சதவீத உப்புத் தண்ணீரைப் பனி மாதிரி தெளிப்பார்கள். உள்ளே இருக்கும் போல்ட்டில் எத்தனை மணி நேரத்தில் துரு எட்டிப் பார்க்கிறது என்று கணக்கெடுப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் நடப்பது பாம்பனில் திறந்தவெளியில், வருஷம் முழுக்க நடக்கிறது.

1914ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கப்பலுக்கு வழிவிடத் திறந்து மூடும் தூக்குப் பாலம் துருவால் பலவீனமானதுதான் முக்கியக் காரணம். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ல் திறக்கும்வரை ராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை. பயணிகள் மூட்டை முடிச்சோடு மண்டபத்திலிருந்து பஸ் பிடித்தார்கள்.

நட்டு, போல்ட்டுக்கு என்ன ஆபத்து?

பெரிய இரும்புத் தகடு நனைந்தாலும் காற்றில் காய்ந்துவிடும். வாஷருக்கு அடியில், மரையின் இடுக்கில் புகுந்த உப்புத் தண்ணீர் அப்படிப் போகாது. வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. 'ஸ்டெயின்லெஸ் போட்டா போச்சு' என்றும் சொல்ல முடியாது. உப்பில் உள்ள குளோரைடு அதிலும் பொட்டுப் பொட்டாகக் குழி போடும். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சாதா இரும்பு போல்ட்டை முடுக்கினால் இன்னும் மோசம், கடல் தண்ணீர் பட்டதும் அந்த போல்ட் வேகமாகக் கரையும்.

புதுப் பாலத்தில் என்ன செய்திருக்கிறார்கள்?

ஸ்டெயின்லெஸ் கம்பிகள், முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள், பாலிசிலாக்சேன் பூச்சு. போல்ட் இடுக்குகளைக் குறைத்தது நல்ல முடிவு. இந்தப் பூச்சால் பராமரிப்பே இல்லாமல் 38 வருஷம், குறைந்த பராமரிப்பில் 58 வருஷம் தாங்கும் என்கிறது அரசுத் தரப்பு. ஆனால் 2024 நவம்பரில் ஆய்வு செய்த ரயில்வே பாதுகாப்பு ஆணையரே பாலத்தின் திட்டமிடலை விமர்சித்து, அரிப்பு பற்றியும் கேள்வி எழுப்பினார். அனுமதி கொடுத்தபோதும் வேகம் 75 கி.மீ., தூக்குப் பகுதியில் 50 கி.மீ. என்று வரம்பு வைத்தார்.

38 வருஷம் என்பது பெயிண்டின் கணக்கு. 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகிறது. அதைத் தூக்குவது எதிர் எடைகளும், கப்பி மேல் ஓடும் இரும்பு ரோப்களும். அசையும் இடத்தில் பெயிண்ட் நிற்காது, அங்கே கிரீஸ்தான் கவசம். அது காய்ந்தால் மெல்லிய கம்பிகளாக முறுக்கிய ரோப்புக்குள் உப்பு இறங்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கார் போல்ட் துருப்பிடித்தால் சர்வீஸில் விட்டு மாற்றிக்கொள்ளலாம். இங்கே ஒரு ரோப்பை மாற்ற வேண்டுமென்றால் கடலுக்கு நடுவே ரயிலை நிறுத்த வேண்டும். ராமேஸ்வரத்துக்கு வேறு ரயில் பாதை கிடையாது.