குறையாத குப்பி

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் 26 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டுக்குள் நுழைந்தால், அலமாரியில் இரும்புச்சத்து மருந்துக் குப்பி இருக்கிறதா, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண் தேடும்.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. பிள்ளைக்கு ஒன்றரை வயது. குப்பி கழுத்துவரை நிறைந்து, மூடியில் தூசி படிந்திருந்தது. "ரெண்டு தடவை கொடுத்தேன் சிஸ்டரே. பிள்ளைக்குக் கறுப்பா வெளிய போச்சு. பயந்து நிறுத்திட்டேன்" என்றாள் தாய். பிள்ளையின் கீழிமையை இறக்கிப் பார்த்தேன். வெளுத்துக் கிடந்தது.

"மக்களே, உடம்பு எடுத்தது போக மிச்ச இரும்புதான் அப்படிப் போகுது. பயப்படாதே" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைக் குப்பி கொடுத்த அன்றே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மருந்து எதற்கு? வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து பிள்ளை சேர்த்துக்கொண்ட இரும்பு ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத்தான் வரும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அந்த இருப்பு தீரும் காலத்தில்தான் மூளையும் வேகமாக வளர்கிறது. அந்த வயதில் நம் வீடுகளில் என்ன கொடுக்கிறோம்? ஏத்தங்காய்ப் பொடிக் குறுக்கும் மட்டிப்பழமும். நல்ல உணவுதான், ஆனால் இரும்புக்கு அவை போதாது. அம்மா விடியுமுன் பால்வெட்டுக்குப் போய்விட்டால், அழும் பிள்ளைக்குப் பாட்டி கட்டன் சாயாவில் ரஸ்க்கை முக்கிக் கொடுப்பாள். தேயிலை, இருக்கிற இரும்பையும் உடம்பில் சேர விடாது. முட்டையும் சாளை மீனும் முருங்கைக் கீரையும் கட்டாயம் வேண்டும். ஆனால் சோகை வந்துவிட்ட பிள்ளையை உணவு மட்டும் தேற்றிவிடாது, மருந்து வேண்டும்.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் 2015-16இல் 50.7 சதவீதம், 2019-21இல் 57.4 சதவீதம். இரத்தசோகையைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1970இலேயே வந்தது. 2018இல் அதைப் புதுப்பித்தார்கள். அதன்படி இந்த வயதுக் குழந்தைக்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு ஒரு மில்லி, அதில் 20 மில்லிகிராம் இரும்பு. இவ்வளவு எளிய மருந்து வீடு வரை வந்தும் வாய்க்குள் போகாமல் நிற்கிறது.

இதில் எனக்கும் பங்குண்டு. புதன்கிழமை தடுப்பூசிக் கூட்டத்தில் குப்பியை நீட்டி, கையெழுத்து வாங்கி, அடுத்தவளை அழைத்த நாட்கள் பல. பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று எழுதினேன். குடித்ததா என்று கேட்க அங்கே இடமே இல்லை. அந்த இடத்தை உண்டாக்க வேண்டும். செவிலியருக்குத் தாயோடு பேச இரண்டு நிமிடம் கொடுக்க வேண்டும். பாட்டியையும் கூட உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

வாரம் இரண்டு முறை என்ற அளவு சோகையைத் தடுக்க மட்டும்தான். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் எடைக்கேற்ற தினசரி அளவை மருத்துவர் சொல்வார். முகம் தெளிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இருப்பு நிறைய இன்னும் சில மாதம் ஆகும். குப்பியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், ஒருசேரக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

தாய்மாரே, 50 மில்லிக் குப்பி வாரம் இரண்டு மில்லி வீதம் 25 வாரத்தில் காலியாக வேண்டும். இன்று உங்கள் வீட்டுக் குப்பியை எடுத்துப் பாருங்கள்.